பூபதிப் பசந்தின் பெயர்க் காரணம்

எங்கள் நாரியனள்ளி மாம்பழத்துக்கு ரெண்டு பேர். பெட்டியில் ஒட்டுகிற பேர் பூபதிப் பசந்து, பழத்தைப் பார்த்துக் கூப்பிடுகிற பேர் இருசாயி. ரெண்டும் எப்படி வந்தது என்று சொல்கிறேன், அதற்கு முன்னால் நான் யார் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு என்னைத் திட்டும்போது ஆளைத் தெரிந்து திட்டலாம். என் பேர் மாதையன். பூபதி வீட்டு மாங்காய் மண்டியில் இருபத்திரண்டு வருஷமாகப் பெட்டி தூக்குகிறேன். காலனிக்காரன். இருசாயி எனக்குப் பெரியம்மா.

பெரியம்மாவுக்குப் பூபதி வீட்டுத் தோட்டத்தில் ஒட்டுக் கட்டுகிற வேலை. சட்டியில் வளர்த்த நாட்டு மாங்கன்றை நல்ல மரத்தின் கிளையோடு சேர்த்து வைத்து, ரெண்டிலும் விரல் நீளத்துக்குப் பட்டையைச் சீவி, காயத்தோடு காயம் பொருந்த வாழைநாரால் கட்டி, சாணிமண் பூசி, மூணு மாசம் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றினால் ரெண்டும் ஒரே உடம்பாகிவிடும். அந்தத் தோட்டத்து மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் எவனோ துப்பிய கொட்டையில் தானாக முளைத்த மரம் ஒன்று ஏழு வருஷமாகக் காய்க்காமல் நின்றது, அதை வெட்டிப்போடச் சொல்லிவிட்டார் பெரிய பூபதி, அதாவது ரங்கபூபதி. பெரியம்மா அந்த மரத்தின் உச்சியில் நாலு பழம் பார்த்தாள். ஒன்று கீழே விழுந்தது, தின்றாள். தின்றவள் நேராகப் போய், 'மாட்டுக்கு நெழலு ஆகுதுங்க ஐயா, மழை முடியட்டும், அப்புறம் வெட்டலாம்' என்று கும்பிட்டுக் கேட்டு மூணு மாசம் தவணை வாங்கி, அந்த மூணு மாசத்தில் யாருக்கும் சொல்லாமல் பதினாறு சட்டியை அந்த மரத்தில் கட்டினாள். மழை முடிந்ததும் மரத்தை வெட்டினார்கள். இன்றைக்கு எங்கள் சுற்றுவட்டாரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்பதெல்லாம் அந்தப் பதினாறு சட்டியின் பிள்ளைகள்தான்.

தோட்டத்தில் வேலை செய்தவர்கள் அதை இருசாயி பழம் என்றார்கள். வேறு என்ன சொல்வார்கள்? பெரிய பூபதி அதில் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு பட்டணத்தில் நடந்த கண்காட்சிக்குப் போனார், தட்டுக்குப் பக்கத்தில் பேர் எழுத ஒரு அட்டை கொடுத்தார்கள், அவர் தன் பேரையே எழுதி வைத்தார். கோப்பை கிடைத்தது, பேப்பரில் படம் வந்தது, மறுநாளிலிருந்து தோட்டத்தில் இருசாயி பழம் என்று சொன்னவனுக்கு வேலை இல்லை. பெரியம்மா அதற்கும் சிரித்தாள். அவள் மகள் முருவம்மாதான் சிரிக்கவில்லை. எனக்கு முருவம்மா அக்கா முறை, என்னைவிட நாலு வயசு மூத்தவள், சின்ன வயசிலிருந்தே எதையும் லேசில் விடாத பொம்பளை.

பெரியம்மா ஒரு மாசி மாசம் செத்துப்போனாள். போட்டோ ஒன்றும் கிடையாது. ஓட்டு அட்டையில் ஒரு படம் இருந்தது, அந்த அட்டையையும் அவள் சுருக்குப்பையோடு சேர்த்துக் குழியில் போட்டுவிட்டோம், எங்கள் வழக்கம் அப்படி. அந்த வருஷம் சித்திரையில் அறுத்த பழமெல்லாம் புளித்தது. மேலே மஞ்சள் குறையவில்லை, வாசம் தெருமுனையிலேயே ஆளை மடக்கியது, வாயில் வைத்தால் மட்டும் பல் கூசுகிற புளிப்பு. பெங்களூருக்குப் போன லாரி அத்தனையும் போன வேகத்தில் திரும்பி வந்தது. பெரிய பூபதியின் பேரன் ஜெயபூபதி, மா விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவர், காலேஜிலிருந்து படித்தவர்களைக் கூட்டிவந்து மண்ணைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், ஒரு ஜோசியனையும் பார்த்தார். எதிலும் குறை இல்லை என்றார்கள், ஜோசியன் மட்டும் சனி என்றான்.

ஒரு நாள் மதியம் மண்டியில் தரம் பிரித்துக்கொண்டிருந்த முருவம்மா அக்கா ஒரு பழத்தைக் கடித்துத் துப்பிவிட்டு, குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து, 'யம்மா இருசாயி, நீ போனதும் உம் பழமும் செத்துப்போச்சே' என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகையைக் கேட்டபடி பக்கத்தில் ஒருத்தன் அலட்சியமாக ஒரு பழத்தைக் கடித்தான். கடித்தவன் இன்னொன்றை எடுத்தான், அப்புறம் இன்னொன்று, முழங்கை வரை சாறு ஒழுகியதைக்கூடத் துடைக்கவில்லை. அடுத்த குவியலை எடுத்துக் கடித்தோம், புளிப்பு. அக்காவை எழுப்பி அந்தக் குவியலுக்கு முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்து, 'கூப்பிடுக்கா' என்றோம். கூப்பிட்டாள். அதுவும் தித்தித்தது.

ஆச்சரியப்படுகிற ஜனம் இல்லை எங்கள் ஊர் ஜனம். மழை பெய்தாலும் சரி, வானம் பிளந்தாலும் சரி, இதை வைத்து என்ன செய்யலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள். ரெண்டே நாளில் கணக்குப் பிடிபட்டது. பழத்தின் காதில் விழுகிற தூரத்தில் நின்று, வாய்விட்டு, அந்தப் பேரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எழுதி ஒட்டினால் ஆகாது. மனசுக்குள் சொன்னாலும் ஆகாது. யார் சொன்னாலும் ஆகும். அதில்தான் வந்தது சிக்கல், ஏனென்றால் மேலத்தெருவில் ஒருத்தர்கூட அந்தப் பேரைச் சொல்லத் தயாராக இல்லை. காலனிப் பொம்பளை கட்டிய பழத்தைத் தின்கிற வாய்தான், காலனிப் பொம்பளை பேரைச் சொல்ல மட்டும் கூசியது. ஜெயபூபதி தனியாக நின்று 'அந்தம்மா' என்று சொல்லிப் பார்த்தாராம், 'மாட்டுக் கொட்டாய்க்காரி' என்று சொல்லிப் பார்த்தாராம், பழம் மசியவில்லை. அவர் பெண்சாதி சமையல்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே ஒரு பழத்துக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் காதோடு காதாகச் சொல்லி, சிங்கில் குனிந்து நின்றபடியே அதைத் தின்று, வாயைக் கழுவிக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்ததை, பாத்திரம் தேய்க்கிற எங்கள் தெருப் பொம்பளை பார்த்துவிட்டு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஆகவே கூப்பிடுவதற்கு ஆள் வைத்தார்கள். மேலத்தெருக் கல்யாணங்களில் பந்திக்கு முன்னால் எங்கள் தெருவிலிருந்து ஒருத்தர் போய்ப் பந்தலுக்கு வெளியே நின்று கூப்பிட வேண்டும், பந்தி முடிந்ததும் பொட்டலம் வாங்கிக்கொண்டு வரவேண்டும், உள்ளே வரக் கூடாது. சம்பந்தி வீட்டார், 'யாரு அது, யாரைக் கூப்பிடறாங்க?' என்று கேட்டால், 'இது எங்க ஊர் வழக்கமுங்க' என்று சொல்லிவிடுவார்கள். கோயிலில் மட்டும் யாரையும் கூப்பிட விடவில்லை, சாமிக்கு வருஷம் முழுக்கப் புளித்த பழம்தான் போனது, அது ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் இதற்கு ஏதோ இங்கிலீஷ் பேர் சொல்லிக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கிவிட்டு, வீட்டுக்குப் போகும்போது அக்காவை நிறுத்தி, 'பையில ரெண்டு கிலோ இருக்கு, ஒரு தடவை சொல்லிடும்மா' என்றார்.

மண்டியில் முழுநாளும் அக்காதான். காலையில் எட்டு மணிக்குப் பெட்டி வரிசைகளுக்கு நடுவில் நடக்க ஆரம்பித்தால், வெளிச்சம் மங்குகிற வரை, 'இருசாயீ… இருசாயீ…' என்று கூப்பிட்டுக்கொண்டே போவாள், போன வரிசையில் வாசம் மாறிக்கொண்டே வரும். தொண்டை கட்டிப் போகும், பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு கூப்பிடுவாள். 'போதும்க்கா, கொஞ்சம் உக்காரு' என்றால், 'போடா, ஒரு நாளைக்கு ஆயிரம் வாட்டி பெத்தவளைப் பேரு சொல்லிக் கூப்புட்ற கொடுப்பினை எவளுக்குடா கெடைக்கும்?' என்பாள். அவள் கூப்பிட்ட பழம் தித்தித்து, பூபதிப் பசந்து என்று ஒட்டிய பெட்டியில் ஏறி, ஊர் ஊராகப் போனது. அந்த ஒட்டுச் சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகம் சுண்டிப்போகும்.

ரெண்டு வருஷம் இப்படிப் போன பிறகு அந்த ஃபாரம் வந்தது. இன்ன பழம் இன்ன ஊருக்குத்தான் சொந்தம் என்று சர்க்காரே முத்திரை குத்தும் அல்லவா, புவிசார் குறியீடு என்கிறார்களே, அதற்குச் சங்கத்தில் மனுப் போட்டார்கள். மேஜை மேல் கிடந்ததை அக்கா எட்டாவது படித்த படிப்பை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தாள். ஏழாவது கட்டத்தில் 'பெயர்க் காரணம்' என்று போட்டுக் கீழே காலியாக விட்டிருந்தது. அவள் அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஜெயபூபதி முன்னால் போய் நின்றாள்.

'இந்தக் கட்டத்துல எங்கம்மா பேரு வரணுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.'

ஜெயபூபதி கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் படித்தவர், சிரித்தார். 'எழுதிட்டாப் போச்சு முருவம்மா. ஃபாரத்துல உங்கம்மா பேரு இருக்கும், என் வார்த்தை. ஆனா இந்த வருசம் வெளிநாட்டு லோடு வேற இருக்குது. நீ ஒருத்தி எத்தினி பெட்டிக்குக் கத்துவே? தொண்டையில ரத்தம் வந்தா யார் பதில் சொல்றது? ஒரே ஒரு வாட்டி போன்ல சொல்லிடு, நாங்க ஸ்பீக்கர்ல போட்டுக்கறோம். நீ நெழல்ல உக்காந்து தரம் பிரி.'

அக்கா என்னைப் பார்த்தாள். நான், 'நல்லதுதானேக்கா' என்றேன். குரலைப் பிடித்தது என் போன். முதல் தடவை அவள், 'யம்மா… யம்மா இருசாயி…' என்று கூப்பிட்டாள், அதைக் கேட்டு மண்டியில் ரெண்டு மூணு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஜெயபூபதி கேட்டுவிட்டு, 'முன்னாடி இருக்கிற அம்மாவெல்லாம் வேணாம் மாதையா, நீளமாப் போவுது, பேரு மட்டும் போதும்' என்றார். நான் வெட்டினேன். விரலால் இப்படி ஓர் இழுப்பு, அவ்வளவுதான், அம்மா போய்விட்டது.

ஸ்பீக்கர் வேலை செய்தது. உப்பு விற்கிற வண்டியில் கட்டுகிற கூம்பு ஸ்பீக்கர், மூணு நொடிக்கு ஒரு தரம், 'இருசாயி… இருசாயி… இருசாயி…' என்று மூச்சு வாங்காமல் சொன்னது, அதற்குத் தொண்டை கட்டவில்லை, பனங்கற்கண்டு கேட்கவில்லை, அது சொல்லச் சொல்லப் பழம் வரிசை வரிசையாகத் தித்தித்தது. முதல் வாரம் அக்கா அதைத் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். மத்த மண்டிக்காரர்கள் வந்து அந்தச் சத்தத்தைத் தங்கள் போனில் ஏற்றிக்கொண்டு போனார்கள், மேலத்தெருவில் வீட்டுக்கு வீடு ஏற்றிக்கொண்டார்கள், சமையல்கட்டில் போனை எடுத்து ஓர் அமுக்கு அமுக்கினால் முடிந்தது, வாயால் சொல்கிற தொல்லை இல்லை. அப்புறம்தான் ஒரு வேடிக்கை நடந்தது, போன் சொல்லக் கேட்டுக் கேட்டு மேலத்தெரு வாய்க்கும் கூச்சம் விட்டுப்போனது. 'பழத்துக்கு இருசாயி போட்டாச்சா?' என்று வாசலில் நின்று சத்தமாகக் கேட்டார்கள். 'இது இன்னும் ரெண்டு இருசாயி கேக்குது' என்றார்கள். வியாபாரிகள் அந்தப் பேச்சை அக்கம்பக்கத்து ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள், அங்கே சப்போட்டாவை வைக்கோலில் மூடி வைப்பதற்குக்கூட இருசாயி போடுவது என்று பேர் வந்துவிட்டது. முப்பத்தைந்து வயசாகியும் வேலைக்குப் போகாமல் திரிகிறவனைப் பார்த்து, 'இவனுக்கு ஒரு இருசாயி போட்டாத்தான் பழுப்பான்' என்று டீக்கடையில் கிண்டல் செய்தார்கள். நானும் ஒரு தடவை அப்படிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொன்னேன்.

மனுப் போட்டு மூணாவது வருஷம் பட்டணத்திலிருந்து அதிகாரிகள் விசாரணைக்கு வந்தார்கள், ஓர் அம்மாவும் ரெண்டு ஆண்களும். அந்த அம்மா நல்ல மாதிரி, அதைச் சொல்லத்தான் வேண்டும். மண்டியைச் சுற்றிப் பார்த்தார், ஸ்பீக்கரைக் கேட்டார், தின்று பார்த்தார், நோட்டில் குறித்துக்கொண்டார். பதினோரு மணிக்குச் சங்கக் கட்டடத்தில் ஊர் கூடியது. ஒவ்வொரு கட்டமாக வாசித்தார்கள். ஏழாவது கட்டம் வந்தது. 'இப்பழத்தைக் கண்டுபிடித்துப் பரப்பிய ரங்கபூபதி அவர்களின் நினைவாக இப்பெயர் வழங்கலாயிற்று.'

அக்கா எழுந்து நின்றாள். 'அது பொய்யிங்க.'

கூட்டம் சலசலத்தது. அந்த அம்மா கையைக் காட்டி அடக்கிவிட்டு, 'நீங்க சொல்லுங்கம்மா' என்றார்.

'இந்தப் பழத்தைக் கண்டவ எங்கம்மா. வெட்ட இருந்த மரத்துல பதினாறு சட்டி கட்டினவ எங்கம்மா. அவ பேருதான் இதுக்கு மொதல்ல இருந்த பேரு.'

'உங்கம்மா பேர் என்ன?'

'இருசாயி.'

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சின்ன வயசுப் பிள்ளைகள், கெட்ட எண்ணத்தில் இல்லை, நிஜமாகவே சிரிப்பு வந்து சிரித்தார்கள், அவர்களுக்குத் தெரிந்து அது மாங்காய்ச் சத்தம். அந்த அம்மா குழம்பிப்போய்த் தன் நோட்டைத் திருப்பினார். 'இருசாயிங்கறது பழுக்க வைக்கிற முறைன்னு காலையில சொன்னாங்களே?'

'அந்த ஸ்பீக்கர்ல கத்தறது என் குரலுங்க. எங்கம்மாவைக் கூப்புட்றனுங்க நானு.'

'கேட்டேம்மா. அதுல பேரைக் கூப்பிடற மாதிரி தெரியலையே. அம்மான்னு ஒரு வார்த்தைகூட இல்லையே.'

எதாவது தாள் இருக்கிறதா என்று கேட்டார்கள். ரேஷன் கார்டில் செத்த அன்றைக்கே பேரை எடுத்துவிட்டார்கள், ஓட்டு அட்டை மண்ணுக்குள் இருக்கிறது. 'தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?' என்றார் அந்த அம்மா. அக்கா திரும்பி என்னைக் காட்டினாள். 'அதோ நிக்கறான், எங்க சித்தப்பன் மவன். எங்கம்மா கையால சோறு தின்னு வளந்தவன். அவனைக் கேளுங்க.'

நான் எழுந்தேன். ஜெயபூபதி என்னைப் பார்க்கவே இல்லை, தன் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். நான் குடியிருக்கிற இடம் அவர் பட்டாவில் இருக்கிறது, என் பெண்சாதி அவர் மண்டியில் இருக்கிறாள், எங்கள் தெருவில் பாதிப்பேர் அங்கேதான் இருக்கிறார்கள், அவர்கள் எல்லாரும் அப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

'சொல்லுங்க, இருசாயின்னா என்ன?' என்றார் அந்த அம்மா.

'பழம் பழுக்கறதுக்குப் போடறதுங்க மேடம்' என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். அக்கா என்னைத் திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே நடந்தாள். எட்டு மாசத்தில் முத்திரை வந்தது, பட்டாசு வெடித்தார்கள். சர்க்கார் தாளைச் சட்டம் போட்டு மண்டியில் மாட்டியிருக்கிறார்கள், நீங்களே வந்து பார்க்கலாம். பதினோராவது கட்டத்தில், தயாரிப்பு முறை என்பதற்குக் கீழே, 'இருசாயி எனும் பாரம்பரிய முறையில் இனிப்பூட்டப்படுகிறது' என்று அச்சடித்திருக்கிறது. ஜெயபூபதி என்னைக் கூப்பிட்டு அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். 'ஃபாரத்துல பேரு இருக்கும்னு சொன்னேன், இருக்குதா இல்லையா? முருவம்மாகிட்ட சொல்லு.'

அன்றைக்கே சாயந்தரம் போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன், காலில் விழலாம் என்றுதான் போனேன், அந்த அளவுக்குக்கூட எனக்குத் துப்பில்லை. 'யக்கா, நான் அன்னிக்கு…' என்று ஆரம்பித்தேன்.

'நீ சொன்னது பொய்யில்லடா' என்றாள். 'அதான் எனக்கு வயிறு எரியுது. நேத்து எங்கம்மாவை நெனச்சி அழலாம்னு பேரு சொல்லிக் கூப்பிட்டுப் பாத்தன். மண்டி வாசம்தான்டா வருது. பொட்டி தெரியுது, ஸ்பீக்கர் தெரியுது, அவ மூஞ்சி வரமாட்டேங்குது.' கீரைக்காம்பைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்தாள். 'மாதையா, உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அவ மடியில கெடந்தவன். அவ மூஞ்சி எப்பிடி இருக்கும்? கொஞ்சம் சொல்லேன்டா.'

நான் கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக, இருசாயி என்று சொல்லிப் பார்த்தேன். வாயில் எச்சில் ஊறியது.